சீம்பாலும் வைரஸும்



பன்றி என்றதும் முகம் சுளிப்போர் நம்மிடையே பலர் உண்டு. ஆயினும் உலகில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் விலங்கு அது. அமெரிக்காவின் இந்தியானா, ஐயோவா, ஓஹையோ மாநிலங்களிலும், டென்மார்க், நெதர்லாந்து போன்ற நாடுகளிலும், சீனத்துச் சிற்றூர்களிலும், நம் நாட்டின் வடகிழக்கு மலைப்பகுதிகளிலும் பன்றி வளர்ப்பு முக்கியமான தொழிலாகும். சிறு குடியானவன் ஒருவனுக்கு ஓர் ஈற்றில் பிறந்த பத்துப் பன்னிரண்டு குட்டிகளும் பிழைத்தால் கடன் அடையும். மாண்டால் கடன் வளரும். ஆகவே அக்குட்டிகளின் உயிர் அற்பமான செய்தியன்று.

இக்குட்டிகளை வாட்டும் நோய்களில் கொடியவை வைரஸ் எனப்படும் நுண்மங்களால் வருபவை. அவற்றைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்கிறேன். ஒரு பண்ணையில் கழிச்சல் நோய் ஒன்று புகுகிறது. எல்லாப் பன்றிகளையும் பற்றியது ஒரே வைரஸ்தான். தாய்ப்பன்றி ஓரிரு நாள் இரை எடுக்காமல் சோர்ந்து கிடந்து பிறகு எழுந்துவிடுகிறது. இரண்டு மாத வயதுடைய பன்றிகள் ஒரு வாரம் கழிந்து இளைத்துப் பின்னர்த் தேறிவிடுகின்றன. பிறந்து மூன்றே நாளான குட்டிகளோ, ஒன்றன்பின் ஒன்றாக அனைத்தும் மடிகின்றன. வைரஸ் ஒன்றாயிருக்க, விளைவு மட்டும் ஏன் இவ்வாறு வேறுபட வேண்டும்? இக்கேள்விக்கு விடை கண்டவர்கள் குட்டிகளைக் காக்கும் வழியையும் கண்டார்கள். அந்த விடையைப் படிப்படியாகக் காண்போம்.

முதலில், வைரஸ் என்பது யாது? பாக்டீரியா ஓர் உயிரணு. உணவு கிடைத்தால் தானே வளர்ந்து பெருகவல்லது. வைரஸோ உயிரணுவன்று. தன்னைப் போன்ற மற்றொன்றை ஆக்குவதற்குரிய குறிப்பு மட்டும் அதனிடம் உண்டு; ஆக்குவதற்குரிய கருவி எதுவும் இல்லை. ஆதலால் அது வேறோர் உயிரணுவுக்குள் புகுந்து, அவ்வணுவின் கருவிகளைக் கொண்டே தன் இனத்தைப் பெருக்கிக் கொள்கிறது. புகுந்த உயிரணு பெரும்பாலும் அழிகிறது. வெளிப்பட்ட புதிய வைரஸ்கள் அண்டையிலுள்ள அணுக்களைப் பற்றுகின்றன. எந்த வைரஸ் எவ்வகை அணுவில் புகும் என்பதும் வரையறுக்கப்பட்டதே. பூட்டுக்கேற்ற சாவி போல, அணுவின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் பொருள் இருந்தால்தான் வைரஸ் உள்ளே நுழைய முடியும். எந்த அணு அழிகிறதோ, அந்த அணு செய்து வந்த வேலை நின்றுபோகிறது. வைரஸ் நோயின் சூட்சுமம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும் என்று கூறலாம்.

வைரஸைக் கண்டறிந்த வரலாற்றிலேயே பன்றிக்கு ஓரிடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பண்ணைகளைப் பன்றிக் காய்ச்சல் என்னும் கொள்ளைநோய் சூறையாடியது. 1885ஆம் ஆண்டில் டேனியல் சால்மன், தியோபால்ட் ஸ்மித் என்னும் இரு அறிஞர்கள், மாண்ட பன்றிகளின் உடலில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, அதுவே இந்நோய்க்குக் காரணம் என்று அறிவித்தனர். சால்மன் பெயரால் சால்மொனெல்லா என்று இன்றும் வழங்குவது அவ்வினந்தான். எனினும் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1903இல், ட ஷ்வைனிட்ஸும் மாரியன் டார்செட்டும் நோயுற்ற பன்றியின் இரத்த நீரைப் பாக்டீரியாக்கள் புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, வடிந்த நீரை நலமுள்ள பன்றிகளுக்கு ஊசியால் செலுத்தினர். அவையும் நோயுற்றன. வடிகட்டியையும் கடந்து செல்லும் நுண்மமே உண்மையான குற்றவாளி என்பது வெளியாயிற்று. அப்படியானால் சால்மனும் ஸ்மித்தும் கண்டது என்ன? அந்தப் பாக்டீரியா வீட்டை உடைத்த திருடன் அன்று. கதவு திறந்து கிடந்ததால் பின்னால் நுழைந்தது. முன்னே சென்று கதவைத் திறப்பது வைரஸ். பின்னே சென்று கொள்ளையிடுவது பாக்டீரியா. இந்தக் கூட்டுறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னரும் இதைக் காண்போம்.

இனி, பிறந்த பன்றிக்குட்டியின் நிலையை ஆராய்வோம். தாய்ப்பன்றி குட்டியைச் சுமக்கும் காலம் சுமார் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று மேனாட்டுப் பண்ணையாளர்கள் இதை எளிதில் நினைவில் வைத்துக்கொள்வார்கள். பிறக்கும் குட்டியின் எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும். பிறந்த சில நிமிடங்களில் அது எழுந்து, தாயின் மடியைத் தேடி நடக்கிறது. பார்ப்பதற்கு மிகவும் திறமை வாய்ந்த குட்டியாகவே தோன்றும். ஆனால் அது மூன்று பெருங்குறைகளோடு பிறக்கிறது.

முதற்குறை, உடலில் கொழுப்பின்மை. மனிதக் குழந்தை பிறக்கும்பொழுது தோலுக்கடியில் கொழுப்போடு பிறக்கிறது. பன்றிக்குட்டியின் உடலிலோ கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் பெரும்பாலும் இராது. ஈரலிலும் தசையிலும் உள்ள சிறிதளவு மாச்சத்து ஒரு நாளைக்குக்கூடச் சரியாகப் போதாது. இரண்டாங்குறை, சூட்டைக் காக்க இயலாமை. மெல்லிய மயிரும் சிறிய உடலும் கொண்ட அக்குட்டிக்குச் சுற்றுப்புறம் 34 பாகை செல்சியஸ் அளவு வெதுவெதுப்பாக இருத்தல் வேண்டும். அவ்வாறில்லையேல் அது நடுங்கத் தொடங்குகிறது. தாயின் மடியில் பால் குடிக்கும் வலிவும் குன்றுகிறது.

மூன்றாங்குறையே நம் பேச்சுக்கு முக்கியமானது. நோய்க் கிருமிகளை எதிர்க்க உடல் ஆக்கிக்கொள்ளும் புரதங்களுக்கு எதிர்ப்பொருள்கள் என்று பெயர். மனிதத் தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களில் ஒரு வகை, நஞ்சுக்கொடியின் வழியாகக் கருவிலுள்ள குழந்தைக்குச் செல்கிறது. ஆதலால் நம் குழந்தைகள் தாயின் கவசத்தில் ஒரு பகுதியை அணிந்தே பிறக்கின்றன. பன்றியின் நஞ்சுக்கொடியோ அமைப்பில் வேறானது. தாயின் இரத்தத்துக்கும் குட்டியின் இரத்தத்துக்கும் இடையே ஆறு படலங்கள் தடையாக நிற்கின்றன. எதிர்ப்பொருள்கள் அவற்றைக் கடக்க இயலாது. கிருமிகள் நிறைந்த கொட்டிலில் கவசமே இல்லாமல் வந்து விழுகிறது பன்றிக்குட்டி.

இக்குறையை ஈடு செய்ய இயற்கை வகுத்த ஏற்பாடுதான் சீம்பால். மாடு கன்று ஈன்றவுடன் கறக்கும் மஞ்சள் நிறமான கெட்டிப் பாலை நீங்கள் அறிவீர்கள். பன்றிக்கும் அத்தகைய சீம்பால் உண்டு. அதில் எதிர்ப்பொருள்கள் செறிந்திருக்கின்றன. சாதாரணமாகக் குடல் எந்தப் புரதத்தையும் சிதைத்துத்தான் உள்ளே ஏற்கும். ஆனால் பிறந்த முதல் 24 மணி முதல் 36 மணி நேரம் வரை மட்டும் குட்டியின் குடல், எதிர்ப்பொருள்களைச் சிதைக்காமல் முழுமையாகவே இரத்தத்துக்குள் அனுப்புகிறது. பிறகு அந்த வாயில் மூடிக்கொள்கிறது. மூடிய வாயில் மீண்டும் திறப்பதில்லை. முதல் நாளில் குட்டி ஒன்றுக்குச் சுமார் 200 கிராம் சீம்பாலாவது கிடைக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு. கடைசியாகப் பிறந்ததும், எடை குறைந்ததும், குளிரில் நடுங்கியதுமான குட்டிக்கு இந்த அளவு கிட்டுவதில்லை. அதன் எதிர்காலம் அந்த ஒரு நாளிலேயே பெரிதும் முடிவாகிவிடுகிறது.

இத்தகைய குட்டியின் குடலில் வைரஸ் புகுந்தால் என்ன நேர்கிறது? 1946ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாயில், ஹட்சிங்ஸ் என்னும் இருவர், பன்றிகளுக்கிடையே பரவும் ஒரு கழிச்சல் நோயை விவரித்து, அது வைரஸால் வருவதென்று காட்டினர். தொற்றும் இரைப்பை குடல் அழற்சி என்று அதற்குப் பெயரிட்டனர். குளிர்காலத்தில் வரும் நோய் அது. அவ்வைரஸ் வெயிலில் விரைவில் அழியும். உறைபனியிலோ நெடுநாள் பிழைத்திருக்கும். நோய் பற்றிய குட்டி முதலில் குடித்த பாலைக் கக்குகிறது. பிறகு மஞ்சள் நிறத்தில் நீராகக் கழிகிறது. செரியாத பால் திரிதிரியாக அதில் கலந்திருக்கும். கண் குழிந்து, தோல் சுருங்கி, தாகத்தால் தவித்து, இரண்டு நாள் முதல் ஏழு நாளுக்குள் அது இறக்கிறது. இரண்டு வாரத்துக்குட்பட்ட குட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே மடிந்த பண்ணைகள் பல.

குடலின் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். சிறுகுடலின் உட்பரப்பு வழவழப்பான குழாய் போன்றதன்று. குளித்தபின் துவட்டும் பூந்துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நூல் சுருள்கள் நெருக்கமாக எழுந்து நிற்பதால்தான் அது நீரை நன்கு உறிஞ்சுகிறது. அதுபோலவே சிறுகுடலின் உள்ளே விரல்போன்ற நுண்ணிய நீட்சிகள் எண்ணற்றவை எழுந்து நிற்கின்றன. அவற்றைக் குடலுறிஞ்சிகள் என்கிறோம். உணவுச் சத்தையும் நீரையும் உடலுக்குள் ஏற்பவை அவையே. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் அவற்றின் மேலணுக்களில்தான் உள்ளது. ஒவ்வோர் உறிஞ்சியின் அடியிலும் சிறு குழிகள் உண்டு. அக்குழிகளில் புதிய அணுக்கள் பிறந்து, மெல்ல மேலேறி, முதிர்ந்து, உறிஞ்சியின் நுனியை அடைந்து உதிர்கின்றன. தேய்ந்த அணுக்களுக்குப் பதில் புதியவை இடைவிடாது வந்துகொண்டே இருக்கின்றன.

கழிச்சல் வைரஸ் பற்றுவது உறிஞ்சிகளைப் போர்த்தியுள்ள அந்த முதிர்ந்த அணுக்களையே. ஒரே நாளுக்குள் அவை கூட்டங்கூட்டமாக அழிந்து உதிர்கின்றன. நலமான குட்டியின் உறிஞ்சி, அடிக்குழியைப்போல் ஏழு மடங்கு உயரமுடையது. நோயுற்ற குட்டியிலோ அது குட்டையாகிக் குழியின் அளவுக்கே வந்துவிடுகிறது. பூந்துண்டின் நூல் சுருள்களெல்லாம் உதிர்ந்து, பழைய கந்தல் துணிபோல் ஆகிறது குடல். அதன்பின் குடிக்கும் பாலே குட்டிக்குப் பகையாகிறது. செரியாத பாற்சர்க்கரை குடலில் தங்கி, உடலிலுள்ள நீரைத் தன்பால் ஈர்க்கிறது. நீரோடு உப்புச் சத்துகளும் வெளியேறுகின்றன. இரத்தம் அமிலத் தன்மை அடைகிறது. குட்டி பசியோடு மேலும் குடிக்கிறது. குடித்தது மேலும் கழிகிறது. வயிற்றில் பால் இருக்க, உடல் பட்டினியாலும் வறட்சியாலும் சாகிறது. குட்டியின் உயிரைப் பறிப்பது வைரஸின் நஞ்சு எதுவுமன்று. நீரிழப்பும் பசியும் குளிருமே என்பதை நன்கு கவனியுங்கள்.

இனித் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். பெரிய பன்றியின் குடலிலும் இதே அழிவு நேரக்கூடும். ஆனால் மூன்று வார வயதுடைய குட்டியின் குடல், உதிர்ந்த அணுக்களுக்குப் பதில் புதியவற்றை இரண்டு மூன்று நாளில் ஆக்கி நிரப்பிவிடுகிறது. பிறந்த குட்டியின் குடலுக்கோ அதே வேலைக்கு ஐந்து முதல் ஏழு நாள் பிடிக்கும். குட்டியிடம் ஒரு நாளைக்குத் தாங்கும் சேமிப்புக்கூட இல்லை என்று முன்பே கண்டோம். பழுதைச் சீர்செய்ய ஒரு வாரம். கையிருப்போ ஒரு நாள். இடையிலுள்ள பள்ளத்தில் குட்டி விழுந்து மடிகிறது. வைரஸின் வலிமையைவிடக் காலக்கணக்கே இங்குக் கொல்கிறது. இதுவே விடை.

இவ்விடை கிடைத்ததும் மற்றொரு புதிர் எழுந்தது. தாய்க்குத் தடுப்பூசி போட்டால் சீம்பால் வழியே குட்டி காக்கப்படும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? கழிச்சல் வைரஸை வலுவிழக்கச் செய்து, சினைப்பன்றிகளுக்குத் தசையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். தாயின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் தோன்றின; சீம்பாலிலும் வந்தன; குட்டியின் இரத்தத்திலும் சேர்ந்தன. ஆனாலும் குட்டிகளைச் சரிவரக் காக்க இயலவில்லை. அதே சமயம், சினைக்காலத்தில் இந்நோய் கண்டு தானாகத் தேறிய தாயின் குட்டிகளோ நன்றாகப் பிழைத்தன.

இப்புதிரை அவிழ்த்தவர்களுள் முதன்மையானோர் ஓஹையோ மாநிலத்தில் ஆராய்ந்த எட்வர்ட் போலும், அவருடன் பணியாற்றிய லிண்டா சைஃப் என்னும் அம்மையாரும் ஆவர். 1970களின் தொடக்கத்தில் அவர்கள் இருவகைத் தாய்களின் பாலையும் ஒப்பிட்டனர். எதிர்ப்பொருள்களில் பல வகை உண்டு. ஊசி பெற்ற தாயின் பாலில் இருந்தது, பெரும்பாலும் இரத்தத்தில் உலவும் ஜி வகை. அது சீம்பாலில் மிகுந்திருந்து, குட்டியின் இரத்தத்துக்குச் சென்றுவிடும். சில நாளில் பாலில் அருகிவிடும். நோயோ குடலின் உட்பரப்பில் நடப்பது. இரத்தத்திலிருக்கும் காவலர்க்கு அங்கு வேலையில்லை. இயற்கையாக நோய் கண்டு தேறிய தாயின் பாலில் மிகுந்திருந்ததோ, ஏ வகை. அது செரிமான நீரால் எளிதில் சிதையாது. ஒவ்வொரு முறை குட்டி பால் குடிக்கும்பொழுதும் அது குடலின் மேற்பரப்பில் பூச்சுப்போல் படிந்து, வைரஸ் அணுக்களைத் தொடாமல் தடுக்கிறது.

ஏ வகை பாலுக்குள் எவ்வாறு வந்தது? தாயின் குடலில் வைரஸ் புகுந்தபொழுது, அங்குள்ள நிணவணுக்கள் அதை அறிந்துகொள்கின்றன. சினை முதிர்ந்து மடி பால் சுரக்க ஆயத்தமாகுங்கால், அவ்வணுக்கள் குடலிலிருந்து புறப்பட்டு, இரத்தத்தின் வழியே மடிக்கு வந்து குடியேறி, அங்கு ஏ வகை எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. தாயின் குடல் கற்ற பாடத்தை மடி குட்டிக்குச் சொல்லித் தருகிறது. தசையில் போட்ட ஊசி இப்பாடத்தைக் குடலுக்குக் கற்பிக்கவில்லை. ஆகவே மடிக்கும் அது தெரியவில்லை. எதைக் கற்பிப்பது என்பதோடு எங்குக் கற்பிப்பது என்பதும் முக்கியம் என்று ஆசிரியர் தொழிலில் நாங்கள் கூறுவதுண்டு. தடுப்பூசிக்கும் அது பொருந்தும் போலும்!

பிறகு, 1984இல் பெல்ஜியம் நாட்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. கழிச்சல் வைரஸில் ஒரு சிறு பகுதி தானாகவே நீங்கிப்போய், புதிய வடிவம் ஒன்று தோன்றியது. அது குடலை விட்டு நுரையீரலில் பெருகத் தொடங்கியது. நுரையீரலில் அது விளைத்த தீங்கு பெரும்பாலும் சொற்பமே. ஆனால் அது காற்றின் வழியே ஐரோப்பாவெங்கும் பரவி, பழைய வைரஸுக்கு எதிரான சக்தியைப் பன்றிகளுக்குத் தந்துவிட்டது. எவரும் போடாத தடுப்பூசிபோல் அது வேலை செய்தது. பழைய கழிச்சல் நோய் அங்கு மிகவும் அருகிப்போயிற்று.

ஆயினும் வைரஸ் உலகில் வெற்றிடம் நெடுநாள் இருப்பதில்லை. 1971இல் இங்கிலாந்தில் வேறொரு கழிச்சல் நோய் தோன்றியது. 1978இல் பெல்ஜிய அறிஞர்கள் அதன் வைரஸைப் பிரித்துக் காட்டினர். பன்றிக் கொள்ளைக் கழிச்சல் என்று அதைச் சொல்லலாம். குடலுறிஞ்சிகளை அழிக்கும் முறையில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்றுக்கான எதிர்ப்புச் சக்தி மற்றொன்றைத் தடுக்காது. 2010இல் சீனத்தில் இதன் கடுமையான வடிவம் ஒன்று குட்டிகளைப் பெருவாரியாகக் கொன்றது. 2013ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் அது அமெரிக்காவில் புகுந்தது. அந்நாட்டுத் தாய்ப்பன்றிகள் இந்த வைரஸை அதுவரை அறிந்ததில்லை. ஆகவே அவற்றின் பாலில் இதற்கு மாற்று இல்லை. ஓராண்டுக் காலத்தில் மாண்ட குட்டிகள் 70 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். பன்றிகளை இறைச்சிக்கூடத்தில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லாரிகளும் சக்கரத்திலும் தளத்திலும் ஒட்டிய சாணத்தில் நோயைச் சுமந்து வந்தன என்பது பின்னர் ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. வேறு வழியின்றிப் பண்ணையாளர் பலர், நோயுற்ற குட்டிகளின் குடற்பொருளைச் சினைப்பன்றிகளின் தீனியில் கலந்து கொடுத்தனர். கேட்க அருவருப்பாயினும், அதன் அடிப்படை போலும் சைஃபும் கண்ட அதே உண்மைதான்: தாயின் குடல் கற்றால்தான் மடி கற்பிக்கும். ஆனால் வேறு கிருமிகளும் அதனுடன் பரவக்கூடும் என்னும் ஆபத்து அம்முறையில் உண்டு.

இதுகாறும் குடலைப் பற்றிப் பேசினோம். நுரையீரலைத் தாக்கும் வைரஸ் வேறு வழியில் தீங்கு செய்கிறது. 1987இல் அமெரிக்காவில் பெயர் தெரியாத நோய் ஒன்று தோன்றியது. சினைப்பன்றிகள் காலத்துக்கு முன்பே கருச்சிதைந்தன. செத்த குட்டிகளும், நிற்கக்கூட வலிவற்ற குட்டிகளும் பிறந்தன. பிழைத்த குட்டிகள் விலா ஒடுங்க மூச்சு வாங்கின. சிலவற்றின் காதுகள் நீலம் பாய்ந்தன. காரணம் புலப்படாமையால் அதை மர்ம நோய் என்றே வழங்கினார்கள். 1991இல் நெதர்லாந்தின் லெலிஸ்டாட் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் அதன் வைரஸைக் கண்டறிந்தனர். நம் நாட்டில் இந்நோய் 2013இல் மிசோரம் மாநிலத்தில் முதன்முதலாகத் தென்பட்டது.

இந்த வைரஸ் தேர்ந்தெடுத்துப் பற்றும் அணு எது தெரியுமா? நுரையீரலின் காற்றறைகளில் சுற்றித் திரிந்து, உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் விழுங்கி அழிக்கும் விழுங்கணுக்களையே அது பற்றுகிறது. காவற்காரனையே கொல்லும் திருடன் இது. காவல் குலைந்த நுரையீரலில், சாதாரண நாளில் மூக்கிலும் தொண்டையிலும் அடங்கிக் கிடக்கும் பாக்டீரியாக்கள் புகுந்து பெருகுகின்றன. மூளைச்சவ்வு அழற்சியும், மூட்டு வீக்கமும், நிமோனியாவும் குட்டிகளை வாட்டுகின்றன. 1885இல் சால்மனும் ஸ்மித்தும் கண்ட அதே கூட்டுறவு இங்கும் இருப்பதைக் காணுங்கள். விழுங்கணுவின் மேலுள்ள ஒரு புரதமே இவ்வைரஸுக்குப் பூட்டாக அமைகிறது என்று கண்ட மிசௌரிப் பல்கலைக்கழக அறிஞர்கள், அந்தப் புரதம் இல்லாத பன்றிகளை உண்டாக்கி, அவை இந்நோய்க்கு ஆளாகவில்லை என்று 2015இல் தெரிவித்தனர்.

மூன்றாவது வழி இன்னும் வஞ்சகமானது. முன்பு கூறிய பன்றிக் காய்ச்சல் வைரஸ், கர்ப்பத்தின் முதற்பாதியில் தாயின் வழியே கருவை அடைந்தால், சில சமயம் கரு சாவதில்லை. தனது எது, அயலது எது என்று கருவின் உடல் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பருவம் அது. அப்பருவத்தில் உள்ளே இருக்கும் வைரஸையும் தனது என்றே அது எண்ணிவிடுகிறது. பிறந்த குட்டி பார்வைக்கு நலமாகவே இருக்கும். அதன் உடல் வைரஸை எதிர்ப்பதில்லை. எதிர்ப்பொருள் எதையும் ஆக்குவதுமில்லை. ஆனால் அதன் எச்சிலிலும் சாணத்திலும் வைரஸ் ஓயாது வெளிப்பட்டு, மற்றக் குட்டிகளைக் கொல்லும். சில மாதங்கள் கழித்து அக்குட்டியும் மெலிந்து சாகும். நோய் எங்கிருந்து வந்தது என்று பண்ணையார் வெளியில் தேட, அது வீட்டிலேயே துள்ளி விளையாடிக் கொண்டிருக்கும். இந்நோயை அமெரிக்கா நெடுங்காலம் முயன்று 1978இல் அடியோடு ஒழித்தது. நம் நாட்டில் முயலின் உடலில் வளர்த்த வைரஸிலிருந்து தடுப்பூசி செய்துவந்தார்கள். முயல்களைக் கொல்லாமல், ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களை வளர்த்து அவற்றில் பெருக்கும் புதிய தடுப்பூசியை இஜத்நகரிலுள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் 2020இல் வெளியிட்டது.

இவ்வளவும் அறிந்தபின், செய்யத் தக்கது யாது? பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் வைரஸைத் தொடமாட்டா. பின்னால் வரும் கொள்ளைக்காரரைத் தடுக்க மட்டுமே அவை உதவும். ஆகவே காரணத்தை அறிந்து அதற்கேற்ற பரிகாரம் தேட வேண்டும். குட்டி நீரிழந்து சாகிறது என்றால், உப்பும் குளுக்கோஸும் கலந்த தூய நீர் வேண்டும். குளிரால் சாகிறது என்றால், உலர்ந்த வைக்கோலும் வெப்ப விளக்கும் வேண்டும். கவசமின்றிப் பிறக்கிறது என்றால், ஒவ்வொரு குட்டிக்கும் முதல் நாளிலேயே சீம்பால் கிட்ட வேண்டும். வலிய குட்டிகள் வயிறு நிறையக் குடித்ததும் அவற்றைச் சிறிது நேரம் பெட்டியில் ஒதுக்கி வைத்து, மெலிந்த குட்டிகளுக்கு மடியை விட்டுக்கொடுப்பது அறிந்தவர் செய்யும் முறை. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கண்விழித்துப் பார்க்கும் ஓர் ஆள் போதும். ஒரு கொட்டிலிலுள்ள பன்றிகளை ஒரே சமயத்தில் அகற்றி, கழுவி, உலரவிட்டு, அதன்பின் புதியவற்றை விடுவது நோயின் சங்கிலியை அறுக்கும். புதிதாக வாங்கிய பன்றியைச் சில வாரம் தனியே வைத்துப் பார்ப்பதும், அயலார் செருப்போடு கொட்டிலில் நுழையாமல் தடுப்பதும், வண்டிகளைக் கழுவுவதும் எளிய காரியங்களாகத் தோன்றலாம். ஆனால் 70 லட்சம் குட்டிகளின் சாவு அவ்வெளிய காரியங்களின் விலையைக் காட்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. பன்றிக்குட்டியின் குடலில் நாம் கண்டது பன்றியோடு முடிவதன்று. 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்னும் அம்மையாரும் அவருடைய தோழர்களும், கழிச்சலால் வாடிய குழந்தைகளின் குடலில் ஒரு வைரஸைக் கண்டனர். சக்கரம் போன்ற வடிவுடையதாதலின் ரோட்டா வைரஸ் என்று அது பெயர் பெற்றது. அதுவும் குடலுறிஞ்சிகளின் அணுக்களையே அழிக்கிறது. அதனால் சாகும் குழந்தையும் நீரிழந்தே சாகிறது. அவ்வினத்து வைரஸ்கள் பன்றிக்குட்டிகளையும் தாக்குகின்றன. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உலகெங்கும் எத்தனையோ குழந்தைகளின் உயிரைக் காத்திருக்கிறது. நம் நாட்டிலும் 2016 முதல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தைக் குழந்தைகளுக்கு வாய்வழியே கொடுக்கிறார்கள். ஊசியாக இல்லாமல் வாய்வழியே கொடுப்பதன் பொருத்தம் இப்பொழுது உங்களுக்கு எளிதில் விளங்கும். பாடம் கற்க வேண்டியது குடல் அன்றோ? மனிதத் தாயின் சீம்பாலிலும் அதே ஏ வகை எதிர்ப்பொருள் நிறைந்திருக்கிறது. அது கெட்ட பால் என்று கருதிப் பீய்ச்சிக் கொட்டிவிடும் வழக்கம் சில வீடுகளில் இருந்துவந்தது. எங்கேனும் அவ்வழக்கம் எஞ்சியிருக்கக் கண்டால், படித்த பிள்ளைகளாகிய நீங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பிறந்த உயிருக்குத் தாய் தரும் முதல் உணவும் முதல் மருந்தும் அதுவே.